அமெச்சூரின் அபிப்பிராயம்

அமெச்சூர் என்ற சொல்லை நாம் நாடகத்தின் மூலமாகத்தான் அதிகம் கேட்டிருக்கிறோம். 1914-ல் திருச்சியில் ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கிய எப். ஜி. நடேசய்யர் ஒரு ரயில்வே அதிகாரி. பகலில் ஆபீஸ் காகிதங்கள், மாலையில் அரிதாரம் என்று வாழ்ந்தவர். பின்னாளில் தமிழ்நாட்டையே மயக்கிய தியாகராஜ பாகவதரைச் சிறு பையனாக, லோகிதாசன் வேஷத்தில் மேடையேற்றியவர் அவர்தான். நாடகத்தை நம்பிப் பிழைக்காதவர் செய்த காரியம் அது.

அந்தச் சொல்லின் மூலத்தைத் தேடிப் போனால் 'நேசிப்பவன்' என்ற பொருள் கிடைக்கிறது. நாம் அதை 'அரைகுறை' என்ற பொருளில் வழங்குவது நியாயமில்லை. நேசிப்பவனுக்குத்தான் குறை சொல்லும் உரிமையும் உண்டு, குறை கண்ணில் படுகிற கூர்மையும் உண்டு. தொழிலாகச் செய்பவன் ஐந்து மணி அடித்தால் எழுந்து போய்விடலாம். அமெச்சூருக்கு மணியும் இல்லை, சம்பளமும் இல்லை. தன் சொந்த மாலைப் பொழுதையும் சொந்தப் பணத்தையும் செலவழித்துவிட்டு, "இது சரியில்லை" என்று அவன் சொல்லும்போது அந்த வார்த்தைக்குத் தனி எடை இருக்கிறது.

வீட்டுக்குள் வந்துவிட்ட கம்ப்யூட்டரைப் பற்றியும் இண்டர்நெட்டைப் பற்றியும் தமிழில் எழுதப்படுகிறவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அமெச்சூரின் ஞாபகம் வருகிறது. விற்பவனின் அபிப்பிராயம் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே முழுப் பக்க விளம்பரமாகக் கிடைக்கிறது. நிபுணரின் அபிப்பிராயம் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் கிடைக்கிறது. ஆனால் ஒரு சாதனத்தை வாங்கி, வீட்டில் வைத்து, திருப்புளியால் திறந்து பார்த்து, பத்து வருஷம் அதனோடு மல்லாடிய ஒருவனுடைய அபிப்பிராயம் நம் எழுத்தில் அபூர்வமாகத்தான் பதிவாகியிருக்கிறது. அதை எழுதுவதற்கு எல்லாத் தகுதியும் படைத்த ஒருவர் நம்மிடையே இருந்தார். அவர் சுஜாதா.

சுஜாதா என்ற ரங்கராஜன் 1935-ல் பிறந்தவர். ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்துவிட்டு, சென்னை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் பயின்றார். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது மின்னணு வாக்கு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. ஆக, தொழிலால் அவர் அமெச்சூர் அல்ல. ஆனால் கம்ப்யூட்டரைப் பற்றித் தமிழில் எழுத வேண்டும் என்று எந்த நிர்வாகமும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அதை அவர் தம் ஆசைக்காகச் செய்தார். எழுத்தில் அவர் அமெச்சூர்தான், அந்தச் சொல்லின் நல்ல அர்த்தத்தில்.

'சிலிக்கன் சில்லுப் புரட்சி'யையும், ஜூனியர் விகடனில் வந்த 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி பதில்களையும் படித்த தலைமுறைக்கு அவர் செய்த உபகாரம் சாமானியமானதல்ல. விஞ்ஞானம் என்றாலே பாடப்புத்தகத் தமிழ் என்றிருந்த காலத்தில், திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற தமிழில் அவர் அதைச் சொன்னார். வாய்க்கு வந்த இங்கிலீஷ் வார்த்தையைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தினார். நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தால் அதையும் சந்தோஷமாக எடுத்துக்கொண்டார். வாக்கியங்கள் சின்னவை, உதாரணங்கள் நம் வீட்டுச் சாமான்கள். பத்திரிகை மூலம் விஞ்ஞானத்தைப் பரப்பியதற்காக 1993-ல் மத்திய அரசின் விருதும் அவருக்குக் கிடைத்தது. பொருத்தமான விருது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுவிட்டு ஒரு குறையைச் சொல்கிறேன். கணையாழியின் கடைசிப் பக்கத்தில் எழுதிய அதே ரங்கராஜன், இயந்திரத்தைப் பற்றி எழுதும்போது வேறு ஆளாக மாறிவிடுகிறார். கடைசிப் பக்கத்தில் அவர் கண்டிப்பான பரீட்சை அதிகாரி. மோசமான கவிதையை அவர் மன்னித்ததில்லை. அசட்டு சினிமாவைக் கண்டால் இரண்டே வரியில் காலி செய்துவிடுவார். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்ல அவர் அங்கே யாருக்கும் பயந்ததில்லை. ஆனால் கம்ப்யூட்டர் வாசலில் வந்து நின்றால் அவர் வரவேற்புக் கமிட்டித் தலைவராகிவிடுகிறார். இது எப்படி வேலை செய்கிறது என்பதை அழகாகச் சொல்கிறார். இது யாருக்காக வேலை செய்கிறது, யார் பணம் கொடுக்கிறார்கள், பழுதானால் யாரைக் கேட்பது என்ற கேள்விகளை அபூர்வமாகத்தான் தொடுகிறார்.

அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளை நினைத்துப் பாருங்கள். ரங்கு கடை வாசலில் கூடுகிறவர்களுக்கு உலகத்தில் அபிப்பிராயம் இல்லாத விஷயமே கிடையாது. கிரிக்கெட்டானாலும் கோயில் விவகாரமானாலும் அடுத்த வீட்டுக் கல்யாணமானாலும் ஆளுக்கு ஒரு தீர்ப்பு வைத்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தை உயிரோடு எழுதத் தெரிந்தவர், அவர்களில் ஒருவரைக்கூடத் தம் கம்ப்யூட்டர் கட்டுரைகளுக்குள் அழைத்து வந்து, "இந்த டப்பாவுக்கு இத்தனை விலையா?" என்று கேட்க விடவில்லை. மோடத்தைப் பற்றிய சர்ச்சை ரங்கு கடை வாசலில் நடந்திருந்தால் தமிழுக்கு என்ன அருமையான விமரிசனம் கிடைத்திருக்கும்!

அவர் எழுதிய காலத்தையும் பார்க்க வேண்டும். 1980-களில் கம்ப்யூட்டர் என்றால் வேலையைப் பறிக்க வந்த பூதம் என்றுதான் பலர் நினைத்தார்கள். பாங்குகளில் அதை அனுமதிப்பதா வேண்டாமா என்று தொழிற்சங்கங்கள் போராடிக்கொண்டிருந்தன. பயந்து நிற்பவனிடம் முதலில் பயத்தைத்தான் போக்க வேண்டும். குறைகளைப் பட்டியல் போட்டால் அவன் ஓடியே போய்விடுவான். இண்டர்நெட் வந்தபோதும் நிலைமை அதுதான். 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி வி.எஸ்.என்.எல். அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது, படங்களோடு பார்க்கக்கூடிய இணைப்புக்குத் தனிநபர் கட்டணம் 250 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய். டெலிபோன் செலவு வேறு. வேகம் விநாடிக்கு 9,600 பிட். ஒரு மெகாபைட் வந்து சேர ஏறக்குறைய பதினான்கு நிமிஷம் ஆகும். அன்று அது கிடைத்ததே ஆச்சரியம். ஆச்சரியப்பட்டு நிற்பவனுக்குக் குறை தெரிவதில்லை. தெரிந்தாலும் சொல்ல வாய் வருவதில்லை.

ஆனாலும் அவருக்குள் இருந்த நாவலாசிரியன் அப்படி ஆச்சரியத்தோடு நின்றுவிடவில்லை. 'என் இனிய இயந்திரா'வை ஆனந்த விகடனில் தொடராகப் படித்தவர்களுக்கு ஞாபகமிருக்கும். ஜீவா என்ற ஒரே தலைவர் ஆளும் தேசம். மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். எல்லாருடைய கணக்கும் எங்கோ ஓர் இயந்திரத்தில் இருக்கிறது. கடைசியில் அந்தத் தலைவரே மனிதர் அல்ல, வெறும் பிம்பம் என்று தெரியவருகிறது. கட்டுரையில் இருகரம் நீட்டி வரவேற்ற இயந்திரத்தை நாவலில் அவர் எவ்வளவு சந்தேகத்தோடு பார்க்கிறார்! என் அபிப்பிராயத்தில், கட்டுரையாசிரியர் கேட்கத் தயங்கிய கேள்விகளையெல்லாம் கதாசிரியர் கேட்டுவிட்டார்.

அந்த நாவலில் இன்னோர் இயந்திரமும் இருக்கிறது: ஜீனோ என்ற நாய். விளையாட்டுப் பொருளாக வீட்டுக்கு வந்த அது புத்தகம் படிக்கிறது, எதிர்வாதம் செய்கிறது, மெல்ல மெல்லச் சொந்தமாகச் சிந்திக்கக் கற்றுக்கொள்கிறது. நிலாவுக்குத் துணையாக நிற்கிறது. ஒரே தொழில்நுட்பத்திலிருந்து ஜீவாவும் வரலாம், ஜீனோவும் வரலாம் என்பதுதான் நாவல் சொல்கிற விஷயம். உங்கள் வீட்டு மேஜையில் இருக்கும் இயந்திரம் உங்களைச் சேர்ந்ததா, அல்லது எங்கோ இருந்துகொண்டு உங்களைக் கணக்கெடுப்பவர்களைச் சேர்ந்ததா? ஓர் அமெச்சூர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. சுஜாதாவின் வாசகர்களில் பலர் கட்டுரைகளிலிருந்து தைரியத்தை எடுத்துக்கொண்டு, நாவலிலிருந்து ஜீனோவின் குறும்பை மட்டும் ரசித்துவிட்டு, கேள்வியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

எல்லாரும் அப்படி வந்துவிடவில்லை. அபிப்பிராயத்தை வார்த்தையாகச் சொல்லாமல் காரியமாகச் செய்து காட்டிய சில தமிழ் அமெச்சூர்கள் இருந்தார்கள். 'கம்ப்யூட்டர் தமிழில் எழுதாது' என்ற தீர்ப்பை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சலைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றுவதற்காகத் தம் உடம்பைத் தேய்த்தார், 1999-ல் காலமானார். அவர் சிறுகதை எழுத்தாளர் என்பதை இங்கே கொஞ்சம் பெருமையோடு சேர்த்துக்கொள்கிறேன். சுவிட்சர்லாந்தில், லோசான் நகரத்தில் ரசாயன ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கு. கல்யாணசுந்தரம் ஓய்வு நேரத்தில் 'மயிலை' என்ற எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மூலம், தன்னார்வத் தொண்டர்கள் நம் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, யாரும் காசில்லாமல் படிக்கும்படி வைத்தார்கள். இந்த வேலைகளில் பல அவரவர் வீட்டு மேஜையில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தவை.

அவர்களுக்குள் சண்டையும் இருந்தது. ஆளுக்கு ஓர் எழுத்துரு, ஆளுக்கு ஒரு குறியீட்டு முறை. ஒருவர் அனுப்பிய தமிழ்க் கடிதம் இன்னொருவர் கம்ப்யூட்டரில் கேள்விக்குறிகளும் கோணல் எழுத்துக்களுமாக வந்து விழும். இதைத் தீர்க்க 1997-ல் சிங்கப்பூரிலும் 1999-ல் சென்னையிலும் மாநாடு கூடினார்கள். சென்னை மாநாட்டிலிருந்துதான் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. பிறகு யூனிகோடு பரவலாயிற்று. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று நம் பேத்தி செல்போனில் 'தாத்தா' என்று தட்டி அனுப்பினால், அது அமெரிக்காவிலும் 'தாத்தா' என்றே போய்ச் சேருகிறது. அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னால் இருபது வருஷ அபிப்பிராய பேதம் இருக்கிறது. 'எப்படியோ வேலை செய்தால் சரி' என்று எல்லாரும் சும்மா இருந்திருந்தால் அந்த வார்த்தை போய்ச் சேர்ந்திருக்காது.

இப்போது காட்டூருக்கு வருகிறேன். திருச்சி தஞ்சாவூர் சாலையில் இருக்கும் எங்கள் பகுதியில் பாய்லர் தொழிற்சாலையிலும், துப்பாக்கித் தொழிற்சாலையிலும், பொன்மலை ரயில்வே பணிமனையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறைய. கையால் வேலை செய்தவர்கள். ஒரு சாதனத்தைக் கண்டால் மூடியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றுகிறவர்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவர் பாய்லர் தொழிற்சாலையில் இருந்தவர். அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். தேதி, நேரம், இணைப்பு போன நேரம், திரும்பி வந்த நேரம், அளந்து பார்த்த வேகம், கம்பெனிக்காரர் சொன்ன காரணம் எல்லாம் அதில் இருக்கிறது. "எதற்கு இந்தச் சிரமம்?" என்று கேட்டேன்.

"தம்பி, பாய்லர்ல பிரஷர் கேஜ் இல்லாம எவனாவது நெருப்பு வைப்பானா? வீட்டுக்கு வர்ற கனெக்ஷனுக்கும் ஒரு கேஜ் வேணும்ல? இந்த நோட்டுதான் நம்ம கேஜ்" என்றார்.

அவருடைய அபிப்பிராயங்கள் சிலவற்றை எழுதி வைக்கிறேன். விளம்பரத்தில் 100 என்று போட்டிருந்தால் அது பிட் கணக்கு. நாம் சேமிக்கிற கோப்பு பைட் கணக்கு. எட்டால் வகுத்தால் பன்னிரண்டரைதான் கைக்கு வரும். ரூட்டரை டி.வி.க்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது, நடுவீட்டில் உயரமாக வைக்க வேண்டும். இரும்பு பீரோ சிக்னலைத் தின்றுவிடும். வேகமான அலைவரிசை சுவருக்குப் பயப்படும், மெதுவான அலைவரிசை சுவரைத் தாண்டும். எது எந்த அறைக்கு என்று வீட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உட்கார்ந்த இடத்தில் வேலை செய்யும் கம்ப்யூட்டருக்கு ஒயர்தான் உத்தமம். பெட்டியோடு வந்த பாஸ்வேர்டை அன்றே மாற்றிவிட வேண்டும். பூட்டு வாங்கிய கடைக்காரனிடமே ஒரு சாவியைக் கொடுத்து வைப்பார்களா? கடைசியாக ஒன்று: வருகிற வேகத்தைக் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள், போகிற வேகத்தை ஏன் போடுவதில்லை?

இந்தக் கடைசிக் கேள்வி என்னை நிறைய யோசிக்க வைத்தது. சுஜாதாவின் ஒரு நூலுக்கு 'வீட்டுக்குள் வரும் உலகம்' என்று பெயர். அருமையான தலைப்பு. ஆனால் அதில் போக்குவரத்து ஒரே திசையில்தான் இருக்கிறது. உலகம் வீட்டுக்குள் வருகிறது, சரி. வீடு உலகத்துக்குப் போகிறதா? டெலிபோன் கம்பியில் வந்த பிராட்பேண்டுக்கு ஏ.டி.எஸ்.எல். என்று பெயர். அதில் முதல் எழுத்துக்கு 'சமமில்லாத' என்று பொருள். வருவது நிறைய, போவது கொஞ்சம். நாம் வாங்கிப் பார்ப்பவர்கள், கொடுப்பவர்கள் அல்ல என்ற ஓர் அபிப்பிராயம் அந்த அமைப்புக்குள்ளேயே இருந்தது. கண்ணாடி இழை வந்த பிறகு, இரு பக்கமும் சம வேகம் தருகிற திட்டங்களும் கிடைக்கின்றன. கேட்டு வாங்குகிறவர்களுக்குக் கிடைக்கிறது.

விலாசத்தின் கதையும் அப்படித்தான். இண்டர்நெட்டின் பழைய முறையில் மொத்தம் சுமார் 430 கோடி விலாசங்கள்தான் உண்டு. 2011 பிப்ரவரியில் மத்தியக் கையிருப்பின் கடைசிப் பகுதியும் பங்கிடப்பட்டுவிட்டது. அதனால் பல கம்பெனிகள் ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுக்கின்றன. இதை ஒண்டுக் குடித்தனம் என்று சொல்லலாம். ஒரே வாசல், உள்ளே இருபது குடும்பம். நீங்கள் வெளியே போகலாம், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வரலாம். ஆனால் வெளியிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டினால், யார் வீட்டுக்கு வந்தவர் என்று வாசலுக்குத் தெரியாது, திருப்பி அனுப்பிவிடும். விளைவு என்ன? உங்கள் புகைப்படங்களையும் எழுத்துக்களையும் உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வைத்து உறவினர்களைப் பார்க்கச் சொல்வது கஷ்டமாகிவிடுகிறது. யாரோ ஒரு பெரிய கம்பெனியின் பரணில் வாடகைக்கோ, 'இலவசமாகவோ' வைக்கிறீர்கள். புதிய முறையில் விலாசத்துக்குப் பஞ்சமே இல்லை; இந்தியாவில் அது நன்றாகவே பரவியும் இருக்கிறது. ஆனால் தன் வீட்டுக்குத் தனி விலாசம் வேண்டும் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? விலாசம் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. ஜீவாவின் தேசத்தில் இரண்டெழுத்துப் பெயரோடு திருப்தியாக வாழ்ந்தவர்களுக்கும் நமக்கும் இதில் என்ன பெரிய வித்தியாசம்?

சாதாரண மனிதனின் அபிப்பிராயத்தால் என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. 2015-ல், சில தளங்களை மட்டும் இலவசமாகவும் மற்றவற்றைக் காசுக்கும் கொடுக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. லட்சக்கணக்கான கடிதங்கள் போய்க் குவிந்தன. 2016 பிப்ரவரி 8-ம் தேதி ஆணையம் அப்படிப்பட்ட பாரபட்சமான கட்டணத்தைத் தடை செய்தது. ஏழைக்கு இலவசமாகக் கொடுப்பதை ஏன் தடுக்க வேண்டும் என்று அப்போது கேட்டவர்களும் உண்டு. அது அலட்சியம் செய்யத்தக்க கேள்வி அல்ல. ஆனால் எந்த ஜன்னல் வழியாக ஏழை உலகத்தைப் பார்க்க வேண்டும் என்பதை ஜன்னலைக் கொடுக்கிறவனே தீர்மானிக்கக் கூடாது என்ற கட்சிதான் ஜெயித்தது. அது நியாயமான தீர்ப்பு என்பது என் அபிப்பிராயம்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் கவலை என்று ஒதுக்க முடியாது. 2011-ல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினி பல வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டராக வந்தது. வீட்டில் இணைப்பு இல்லாவிட்டாலும் அதில் ஒரு பிள்ளை தானே எதையாவது எழுதிப் பார்க்கலாம், கெடுத்துப் பார்க்கலாம், திரும்பச் சரி செய்யலாம். 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது நிலைமை தலைகீழாயிற்று. எத்தனையோ வீடுகளில் இருந்தது ஒரே ஒரு செல்போன். படிக்கிற குழந்தைகள் இரண்டு மூன்று. அப்பா வேலைக்குப் போனால் போனும் வேலைக்குப் போய்விடும். இணைப்பு எட்டாத குழந்தைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி கொஞ்சம் கைகொடுத்தது. ஆனால் டி.வி.யிடம் சந்தேகம் கேட்க முடியாது. வீட்டில் எந்தச் சாதனம், எவ்வளவு வேகம், எந்தத் திசையில் என்பதெல்லாம் ஒரு குழந்தையின் ஒரு வருஷப் படிப்பைத் தீர்மானித்ததை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம்.

2008-ல் சுஜாதா மறைந்தபோது செல்போன் இண்டர்நெட் இவ்வளவு மலிவாகியிருக்கவில்லை. அவர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிப்பது என் வேலை அல்ல. அவர் விட்டுப் போனது இரண்டு. ஒன்று கட்டுரைகள் தந்த தைரியம்; இன்னொன்று நாவல் தந்த சந்தேகம். தைரியம் மட்டும் இருப்பவன் நல்ல வாடிக்கைக்காரன் ஆவான். சந்தேகம் மட்டும் இருப்பவன் சாதனத்தைத் தொடவே மாட்டான். இரண்டும் சேர்ந்தவன்தான் எங்கள் தெருப் பெரியவரைப் போல நோட்டுப் புத்தகம் எழுதுகிறான்.

தமிழில் கம்ப்யூட்டரைப் பற்றி இனி எழுதப் புகும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எப்படி வேலை செய்கிறது என்று சொன்னது போதும். அதைச் சொல்ல இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அது எப்படி வேலை செய்தது, எங்கே ஏமாற்றியது, எதற்குப் பணம் கொடுத்தீர்கள், எது கைக்கு வந்தது என்று தேதி போட்டு எழுதுங்கள். கவிதையையும் சினிமாவையும் பற்றி நமக்கு எவ்வளவு திடமான அபிப்பிராயம் இருக்கிறதோ, அவ்வளவு திடமான அபிப்பிராயம் மாடிப்படிக்கு அடியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றியும் வேண்டும். மாதா மாதம் அதற்குப் பணம் கட்டுகிறவர்கள் நாம்தான்.